எத்தனை பேருக்கு உலை வைப்பது?

2020 ஜூன் 14, ஒரு வாசகரின் கேள்வி

"கம்யூன், ஆசிரமம், கூட்டுப் பண்ணை என்று சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு ஒரே அடுப்பு என்பதுதான் பெருமை. கொரோனா வந்ததும் அவரவர் அறைக்குள் போய்த் தாழ் போட்டிருப்பார்கள். கூட்டுவாழ்வு நல்ல காலத்து ஆடம்பரம். இல்லை என்று சொல்ல ஆள் உண்டா?"

ஜூன் 14, இரவு

உண்டு. அப்படி ஓர் இடத்தில் ஆறு வருஷமாக இருக்கிறேன். விழுப்புரம் மாவட்டம் வானூர் பக்கம், 6 ஏக்கர், 11 பேர். (பக்கத்தில் இருக்கும் சர்வதேசக் கூட்டுக் குடியிருப்பான ஆரோவில் இல்லை. இந்தப் பக்கம் என்றாலே எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.) ஒரே சமையலறை, மூன்று கழிப்பறை, ஒரு டிவிஎஸ் எக்ஸெல், எல்லார் வருமானமும் ஒரே கணக்கில்.

யாரும் தாழ் போடவில்லை. போட முடியாது. மூன்று கழிப்பறையை 11 பேர் எப்படிப் பங்கு பிரிப்பது? மார்ச் 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு. மறுநாள் காலை கூட்டம் போட்டோம். 11 பேரையும் ஒரே குடும்பமாகக் கணக்கு வைத்துக்கொள்வது, உள்ளே மாஸ்க்கும் இடைவெளியும் வேண்டாம், ஆனால் கேட்டைச் சாத்திவிடுவது என்று முடிவானது. வெளியே போவது ஒரே ஆள், வாரம் ஒரு தடவை. திரும்பி வந்தால் பம்ப்செட்டிலேயே குளித்து, துணியை அங்கேயே ஊறவைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144, நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அரசாங்கத்துக்கு ஒரு நாள் முன்னால் முடிவெடுத்துவிட்டோம் என்று எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

உள்ளே மாறியது கரண்டிதான். முன்பெல்லாம் பாத்திரத்தை நடுவில் வைத்து அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்வோம், 11 கைக்கும் ஒரே கரண்டி. இனி ஒருவர் பரிமாற மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவது என்று இரண்டு மணி நேரம் விவாதித்து முடிவெடுத்தோம். எங்கள் பெரியவர், 71 வயது, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அதுவரை பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில், "இதுக்குப் பேரு பந்தி. எங்க ஊர்ல கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சு" என்றார்.

ஜூன் 15

வருமானம் பற்றிக் கேட்டிருந்தார்கள். பாதி வருமானம், வந்து தங்கிக் கற்றுக்கொண்டு போகிறவர்களால் வருவது. மண் வீடு கட்டும் பயிற்சி, விதைப் பயிற்சி இப்படி. அது மார்ச்சோடு நின்றுவிட்டது. மீதிப் பாதி காய்கறி. வாங்குகிறவர்கள் இருப்பது புதுச்சேரியில், நடுவில் மாநில எல்லை. இந்தப் பக்கத்து வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு தெரு தமிழ்நாடாக இருக்கும், அடுத்த தெரு புதுச்சேரியாக இருக்கும். மார்ச் வரைக்கும் அந்த எல்லை பாட்டில் வாங்கப் போகிறவர்களுக்கு மட்டுமே ஞாபகத்தில் இருந்தது. ஊரடங்கில் தடுப்பு வைத்துப் பாஸ் கேட்டார்கள். கத்தரிச் செடிக்கு இதெல்லாம் தெரியாது, காய்த்துத் தள்ளியது. ஏப்ரலில் தொடர்ந்து 19 நாள் கத்தரிக்காய். எண்ணெய்க் கத்தரிக்காய், கொத்சு, சுட்டுத் துவையல், பிறகு வற்றல், பிறகு மௌனம்.

மிஞ்சியதைக் கேட் முன்னால் கூடையில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிப் போட்டோம். மூன்று நாள் யாரும் தொடவில்லை. காரணம் அப்புறம்தான் தெரிந்தது, பிறகு சொல்கிறேன்.

ஜூன் 16

"யார் சமைப்பது?" என்று ஒருவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார். பதில் எழுதி இரண்டு தடவை அழித்துவிட்டேன்.

நாங்கள் முறை வைத்துச் சமைக்கிறோம், மார்ச் கடைசியிலிருந்து. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஓர் அக்கா சமைத்தார். ஒன்றரை கிலோமீட்டரில் ஊர். காலை ஆறரைக்கு வந்தால், மதியச் சாப்பாடு முடித்து, இரவுக்குக் குழம்பும் வைத்துவிட்டு மூன்று மணிக்குப் போவார். எங்களில் நான்கு பேர் இங்கே வந்ததே அவருக்கு அப்புறம்தான், நானும் அதில் ஒருத்தி. மார்ச் 23 கூட்டத்தில் "வெளியாட்கள் வர வேண்டாம்" என்று முடிவானதே, அந்த வெளியாட்கள் அவரும், மாடு பார்க்கும் அவர் தம்பியும்தான். வேறு வெளியாளே அன்றைக்குக் கிடையாது. கூட்டம் நடந்தபோது அவர் அடுத்த அறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். வாசனை எங்களுக்கு வந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சம்பளம் முழுசாகக் கொடுக்கிறோம். அதைச் சொன்னால் நியாயமாக இருக்கும் என்று நினைத்தேன், எழுதிப் பார்த்தால் வக்காலத்து மாதிரி இருக்கிறது.

ஆக, 11 பேர் என்று முதல் குறிப்பில் போட்டது, கூட்டத்தில் உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கை.

ஜூன் 17

முறை வைத்துச் சமைத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "கைக்குத்தான் தெரியும் டீச்சர், வாய்க்குத் தெரியாது" என்றார். (நான் பள்ளிக்கூட வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது. அவருக்கு இன்னும் டீச்சர்தான்.)

ஜூன் 21

ஆரோவில்லில் எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் அங்கே வசிப்பவள் இல்லை, பக்கத்துக்காரி. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஊர். 50,000 பேருக்குத் திட்டம் போட்டது, இப்போது சுமார் 3,000 பேர், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள். அவ்வளவு பேரையும் ஒரே குடும்பம் என்று கணக்குக் காட்ட முடியாது. குடியிருப்புகள் தனித்தனி, பொதுவாக இருப்பது சோலார் கிச்சன் மாதிரி இடங்கள். கூரைமேல் 15 மீட்டர் அகலத்தில் ஒரு கிண்ணம், அது வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கும். கீழே நூற்றுக்கணக்கானோர் மதியம் சேர்ந்து சாப்பிடுவார்கள். தொற்று வந்தால் முதலில் யோசிக்க வேண்டியது அந்தக் கூடத்தைத்தான். அங்கே இருக்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திரை மார்ச்சிலேயே பார்வையாளர்களுக்கு மூடிவிட்டார்கள்.

ஆனால் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து தினமும் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. எங்கள் அக்கா விஷயத்தையே ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஜூன் 28

"காந்தி ஆசிரமத்தில் இப்படி நடந்திருந்தால்?" என்று கேட்டவருக்கு: நடந்திருக்கிறது, ஆசிரமத்துக்கு முன்னால் ஒரு தடவை, ஆசிரமத்திலேயே ஒரு தடவை.

முதல் தடவை 1904, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த இந்தியர்கள் 23 பேருக்கு நுரையீரல் பிளேக். ஆளில்லாத ஒரு வீட்டின் பூட்டை உடைத்து, அங்கே படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். காந்தி வழக்கமாகப் போகும் சைவ உணவகத்தில், மற்றவர்கள் வருவதற்கு முன்பே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், யார் பக்கத்திலும் உட்கார மாட்டேன் என்று முதலாளியிடமும் சொல்லிவைத்திருந்தார். அங்கே வழக்கமாகப் பார்க்கும் ஆல்பர்ட் வெஸ்ட், ஆளைக் காணோமே என்று ஒரு காலை வீட்டுக் கதவைத் தட்டினார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள நானும் வருகிறேன் என்றார். அதற்கு ஆள் இருக்கிறது, டர்பனில் என் பத்திரிகை அச்சாகும் அச்சகத்தைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார் காந்தி. அதே வருஷக் கடைசியில் அந்த அச்சகம்தான் ஃபீனிக்ஸ் பண்ணைக்குப் போனது, வெஸ்டும் கூடவே. ஒருவர் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டதில் ஆரம்பித்த சேதி, கூட்டுப் பண்ணையில் போய் முடிந்திருக்கிறது.

இன்னொன்று. அந்த நோயாளிகள் இருந்த இந்தியக் குடியிருப்பைக் காலி செய்து, ஆட்களை 13 மைல் தள்ளிக் கூடாரத்தில் வைத்துவிட்டு, மொத்தத்தையும் கொளுத்தினார்கள். அதற்கு முன் மக்கள் தரையில் புதைத்து வைத்திருந்த காசையெல்லாம் தோண்டி எடுத்துக் காந்தியிடம் ஒப்படைத்தார்கள், கிட்டத்தட்ட 60,000 பவுண்டு. வங்கிக்கு அனுப்பும் முன்பு அத்தனையையும் கிருமிநீக்கம் செய்தார்கள். இதைப் படித்ததும் எங்கள் கேட்டில் இருக்கும் மஞ்சள்தண்ணிக் கிண்ணம் ஞாபகம் வந்தது. பால்காரரின் சில்லறையை அதில்தான் போட்டு எடுப்போம். நோட்டுக்கு என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள், பெரியவர் இஸ்திரி போட்டார்.

இரண்டாவது தடவை 1917. அகமதாபாத் பக்கம் கோச்ரப் கிராமத்தில் 1915இல் தொடங்கிய ஆசிரமம். அங்கே பிளேக் வந்தது. ஆசிரமத்துக்குள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சுற்றுப்புறத்தின் அசுத்தத்திலிருந்து தப்ப முடியாது, குழந்தைகளுக்கு ஆபத்து என்று சபர்மதிக் கரைக்கு இடம் மாறினார்கள். (பக்கத்திலேயே ஜெயில் இருந்தது அவருக்குக் கூடுதல் வசதியாகப் பட்டதாம்.) மூன்று மாதத்துக்கு முன் இதைப் படித்திருந்தால் விவேகமான முடிவு என்று சொல்லியிருப்பேன். இப்போது, கோச்ரப்காரர்கள் எங்கே இடம் மாறினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜூலை 5

இன்று தளர்வில்லாத ஞாயிறு. ரோட்டில் நாய்கூட இல்லை.

எங்களில் சின்னவனுக்குப் போன வாரம் காய்ச்சல். ஈரோட்டுப் பையன், 24 வயது. விதை அறையைக் காலி செய்து அங்கே இருக்கவைத்தோம். ஒரு கழிப்பறை அவனுக்கு மட்டும், மீதி இரண்டும் பத்துப் பேருக்கு. இந்தக் கணக்குதான் நடைமுறையில் ரொம்பக் கஷ்டம், யாரும் எழுதுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி எடுத்தார்கள், ரிசல்ட் வர மூன்று நாள். சாப்பாட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி வந்து குரல் கொடுப்போம். தட்டை அவனே கழுவி வெயிலில் காயவைப்பான்.

இரண்டாம் நாள் ஃபோனில் சொன்னான்: "காய்ச்சல் பெருசில்லக்கா. சாப்பாட்டு நேரத்துல நீங்கள்லாம் சிரிக்கிறது கேக்குது. அதான்."

அன்றிரவே பந்தியைக் கூடத்திலிருந்து, விதை அறைக்கு எதிரே இருக்கும் வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டோம். அவன் ஜன்னலுக்கு உள்ளே, நாங்கள் 15 அடி தள்ளி வெளியே. தொற்று இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகும் மரத்தடியிலேயே தொடர்கிறது. கூடத்தில் காற்றோட்டம் குறைவு, மரத்தடிதான் பாதுகாப்பு என்று இப்போது காரணம் சொல்லிக்கொள்கிறோம்.

ஜூலை 6

15 அடி இல்லை. சின்னவன் டேப் வைத்து அளந்துவிட்டான். ஒன்பதரை.

ஆகஸ்ட் 30

கத்தரிக்காய்க் கூடை விஷயம் பாக்கி இருக்கிறது.

நாங்கள் கேட்டைச் சாத்திய அதே வாரம், ஊர்க்காரர்களும் எங்கள் பக்கம் வரும் பாதையில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார்கள். எங்களில் இரண்டு பேர் வெளிநாட்டுக்காரர்கள், பிப்ரவரி வரை பயிற்சிக்கு ஊர் ஊராக ஆட்கள் வந்து போனார்கள். ஊருக்கு நோய் வந்தால் இங்கிருந்துதான் வரும் என்பது அவர்கள் கணக்கு. யோசித்தால் சரியான கணக்கு. ஊரிடமிருந்து நம்மைக் காப்பாற்றிக்கொள்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஊர் எங்களிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எங்கள் கத்தரிக்காயை யார் தொடுவார்கள்? மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களால் விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணிக்கை ஏறியபோது ஊரின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. அப்போதுதான் கூடை காலியானது.

கனடாவில் மானிட்டோபா பக்கம் ஹட்டரைட்டுகள் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் உண்டு. நூறு பேர் அளவில் சொத்தைப் பொதுவில் வைத்து, பொதுக் கூடத்தில் சாப்பிட்டு வாழ்கிறவர்கள். ஆள் பெருகினால் பாதிப் பேர் பிரிந்து போய்ப் புதுக் குடியிருப்பு போடுவார்கள். இந்தக் கோடையில் சில குடியிருப்புகளில் தொற்று வந்தது. இது ஹட்டரைட் குடியிருப்பில் வந்தது என்று அதிகாரிகள் வெளிப்படையாகச் சொல்ல, எங்கள் ஆட்கள் எல்லோரையுமே சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்று அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு நோய் சீக்கிரம் பரவும் என்பது உண்மை, முதல் கேள்வி கேட்டவருக்கு அந்த அளவில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 11 பேர் இருக்கும் எந்தக் கூட்டுக் குடும்பத்துக்கும் அதே நிலைமைதானே. அங்கே யாரும் பெயர் சொல்லி அறிவிப்பதில்லை.

செப்டம்பர் 13

அக்கா வந்துவிட்டார். 1ஆம் தேதியிலிருந்து இ-பாஸ் கிடையாது, மாவட்டத்துக்குள் பஸ் ஓடுகிறது, இனி சாத்தி வைத்து என்ன பயன் என்று நாங்களே போய்க் கூப்பிட்டோம். முள்ளை எடுத்து ரொம்ப நாளாகிவிட்டது.

கேட்டில் ஒரு நோட்டு வைத்தோம். வெளியிலிருந்து வருகிறவர்கள் கடந்த மூன்று நாளில் எங்கெங்கே போனோம் என்று எழுத வேண்டும். தினம் வருவது அக்காவும் தம்பியும் மட்டும்தான் என்பதால், நோட்டு முழுக்க அவர்கள் கதைதான். ரேஷன் கடை, பெரிய மாமியார் வீடு, நூறு நாள் வேலை. நான்காவது நாள் அக்கா எழுதி முடித்துவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினார். "நீங்களும் எழுதுங்க டீச்சர். நான் இங்கருந்து வீட்டுக்குப் போறேன்ல. அங்க மாமியாருக்கு சக்கரை."

மார்ச் 23 கூட்டத்தில் இரண்டு மணி நேரத்தைக் கரண்டிக்குச் செலவழித்தோம், இந்த ஒரு வரி யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது 13 பேரும் எழுதுகிறோம். நோட்டால் வந்த உபரி நன்மை: எங்கள் ஜெர்மன்காரர் வாரம் மூன்று தடவை "ஹார்டுவேர் கடைக்கு"ப் புதுச்சேரி போவது வெளியே வந்தது. அவ்வளவு ஆணி எங்கள் பண்ணையில் எங்கும் அடித்தாகவில்லை.

செப்டம்பர் 14

இஸ்ரேலின் கூட்டுப் பண்ணைகளான கிப்புட்ஸ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. முதல் கிப்புட்ஸ் தெகானியா, 1910. பொதுச் சாப்பாட்டுக் கூடம்தான் அதன் நெஞ்சு. ஆனால் தொற்றுக்கு ரொம்ப முன்பே பல கிப்புட்ஸ்களில் கூடம் சுருங்கியோ மூடியோ போனது, வீட்டுக்கு வீடு சமையல் வந்துவிட்டது. இந்த ஏப்ரல் 8, யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்து இரவில் இஸ்ரேல் முழுக்க ஊரடங்கு, வருஷத்தில் ஒரு நாளாவது எல்லோரும் சேர்ந்து உட்காரும் இடங்களிலும் அது இல்லை. கூடத்தைக் கொரோனா மூடியதா, முன்பே பாதி மூடியிருந்ததா என்று அங்கேயும் இடத்துக்கு இடம் பதில் மாறும்.

நவம்பர் 27

நிவர் புயல். 25 ராத்திரி கரையேறியது, மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், அதாவது எங்கள் தலைமேல். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முருங்கை ஒன்று மிச்சமில்லை. வேப்பமரம் நிற்கிறது, ஒரு கிளை போய்விட்டது.

25 மதியம் அக்கா ஃபோன் செய்து, தெருவில் எல்லாம் கீற்றும் தகரமும்தான், பள்ளிக்கூடத்தில் இடம் நிறைந்துவிட்டது என்றார். எங்கள் கூடம் கான்கிரீட். கூட்டம் போடவில்லை, போட நேரமும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு எண்ணினால் 43 பேர், இரண்டு ஆடு. ஐந்து மாதமாகக் காற்றோட்டம் போதாது என்று நாங்களே ஒதுக்கி வைத்த கூடம், ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே 43 பேர். மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொன்னோம். ஒன்பது மணிக்குக் கரண்ட் போய், காற்று ஊளையிட ஆரம்பித்த பிறகு யார் போட்டிருந்தார்கள் என்று யார் பார்த்தது? குழந்தைகள் அழுதார்கள், பெரியவர் ரயில் கதை சொன்னார். அக்கா விறகடுப்பில் கஞ்சி வைத்தார், பெரிய அண்டாவில், அளக்காமல்.

டிசம்பர் 11

நிவருக்குப் பிறகு 14 நாள் தாண்டிவிட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை. நாங்கள் செய்தது எதுவும் காரணம் இல்லை, அதிர்ஷ்டம்.

2021 மே 30

யாராவது இன்னும் இங்கே எழுதுகிறீர்களா? எங்களில் ஏழு பேருக்குத் தொற்று. நான் எட்டாவது நாளில் இருக்கிறேன், வாசனை தெரியவில்லை. 24ஆம் தேதியிலிருந்து தளர்வில்லாத ஊரடங்கு, மளிகைக் கடையும் கிடையாது, காய்கறி வண்டி மட்டும் வருகிறது. நிற்கத் தெம்புள்ள நான்கு பேர் மாட்டையும் எங்களையும் பார்க்கிறார்கள்.

மறுபடி கேட்டைச் சாத்தியிருக்கிறோம், இந்தத் தடவை உள்ளே இருப்பது வெளியே போகாமல் இருக்க. அக்கா தன் வீட்டில் சமைத்து, தூக்குவாளியில் கொண்டுவந்து, சின்னவனுக்குச் சாப்பாடு வைத்தோமே அந்த ஸ்டூலைக் கேட்டுக்கு வெளியே போட்டு அதன்மேல் வைத்துவிட்டுப் போகிறார். தள்ளி நின்று குரல் கொடுக்கிறார். ரசத்தில் புளி சரியாக இருந்திருக்கும். தெரியவில்லை.

பெரியவரை நேற்று முன்தினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தடுப்பூசி ஒன்று போட்டிருந்தார்.

ஜூன் 20

பெரியவர் திரும்பி வரவில்லை. கேட்டவர்களுக்கு நன்றி. அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

2022 பிப்ரவரி 6

ஒன்றரை வருஷத்துக்கு முன் கேள்வி கேட்ட அதே வாசகர் திரும்ப வந்திருக்கிறார். "சரி, ஒத்துக்கொள்கிறேன், நீங்கள் உடையவில்லை. இப்போது எத்தனை பேர்?" என்கிறார்.

உடையவில்லை என்றும் சொல்ல முடியாது. ஜெர்மன்காரர் ஊருக்குப் போய்விட்டார். கோயம்புத்தூர் தம்பதி தனிச் சமையல் வேண்டும் என்று பக்கத்துத் தோட்டத்தில் வீடு எடுத்திருக்கிறார்கள், கோபமாக இல்லை, ஞாயிறு சாப்பாட்டுக்கு வருகிறார்கள். புதிதாக மூன்று பேர். கேட் நோட்டு இருக்கிறது, எழுதுவது குறைந்துவிட்டது. பந்தி மரத்தடியிலேயே, கரண்டி ஒருவர் கையில். அக்காவின் மாமியார் சில நாள் மதியம் இங்கேயே சாப்பிடுகிறார், சக்கரைக்கு ஏற்ற மாதிரி வரகுச் சோறு. மாதாந்தரக் கூட்டத்துக்கு அக்காவையும் தம்பியையும் கூப்பிடுவதா, கூப்பிட்டால் ஓட்டு உண்டா, வருமானக் கணக்கில் சேர்ப்பதா என்று நான்கு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். தம்பி ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்ட நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்து போய்விட்டார்.

இத்தனையும் போட்டுக் கூட்டிக் கழித்தும் எனக்கு எண்ணிக்கை நிற்கவில்லை. அதனால் சமையலறைக்குப் போய் அக்காவிடமே கேட்டேன், நாம் இப்போது எத்தனை பேர் என்று. அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"சாப்பாட்டுக்கா டீச்சர், மீட்டிங்குக்கா?"

சாப்பாட்டுக்கு 14, மாமியார் வந்தால் 15.